சித்தாண்டிக்காரியின் வலது கை

உலகத்திலேயே மிகப் பலமாக அடித்த குத்துச்சண்டை வீரன் யார் என்ற வாக்குவாதத்தில் எங்கள் பயிற்சிக் கொட்டகையில் ஒருவனுக்கு முன்பல் போனது. அடித்தவன் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞன். பல்லை இழந்தவன் வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றும் லொறிச் சாரதி. இருவரும் நல்ல நண்பர்கள்.

மட்டக்களப்பு நகரத்தைவிட்டுச் சற்று வெளியே, வாவிக்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த நெல் களஞ்சியம்தான் எங்கள் கொட்டகை. றிங்கைச் சுற்றியிருந்த கயிறுகள் மீன்பிடி வள்ளங்களில் கழித்துவிட்டவை. எத்தனை தரம் கழுவினாலும் அவற்றில் மீன் வாடை போகாது. தொங்கவிட்ட மூட்டைகளில் உமியும் மணலும் கலந்து அடைத்திருந்தோம். நாட்பட மணல் கீழே இறங்கி, மூட்டையின் அடிப்பகுதி கல்லாகிவிடும். அது தெரியாமல் கீழே குத்துகிற புதியவர்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

சுவரில் கரிக்கட்டியால் எழுதிய பட்டியல் ஒன்று இருந்தது. உலகத்தின் பத்துப் பலசாலிகள். போனில் பழைய சண்டைகளைத் தேடித்தேடிப் பார்த்து, வாரத்துக்கு ஒருவர் அதை அழித்து மாற்றி எழுதுவார். எத்தனை பேரை வீழ்த்தினான் என்று எண்ணிக்கை சொல்வான் எழுதுவினைஞன். லொறிக்காரனுக்கோ கறுப்பு வெள்ளைப் படங்களில் மட்டும் காணக்கூடிய ஒரு கனரக வீரன்தான் தெய்வம்.

"அவனிட்ட அடி வாங்கின ஒருத்தனும் மறுகா பழைய ஆளா வரல்ல. அதுதான்டா அடி" என்றான் லொறிக்காரன்.

"அந்தக் காலத்துல அவனுக்கு முன்னால நிண்டதெல்லாம் பயந்தாங்கொள்ளியள்."

"நீ கதைக்காத. நீ அடி வாங்கினா அழுகிற ஆள்."

எழுதுவினைஞனுக்கு முகம் சிவந்தது. அடுத்த கணம் லொறிக்காரன் தரையில் இருந்தான்.

நான் அப்போது நகரத்தில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்துகொண்டிருந்தேன். வேர் காயாமல் இருந்தால் பல்லைத் திரும்பவும் பொருத்த முடியும் என்பது எனக்குத் தெரியும். தூசிக்குள் தேடி எடுத்து, பக்கத்துத் தேநீர்க் கடையில் பால் வாங்கி அதற்குள் போட்டேன். வாய் நிறைய இரத்தத்தோடு லொறிக்காரன் இன்னமும் அந்தக் கறுப்பு வெள்ளை வீரனுக்காக வாதாடிக்கொண்டிருந்தான்.

எங்களைப் பயிற்றுவித்தவர் பகலில் ஆட்டோ ஓட்டுபவர். ஒரு காலத்தில் தேசிய மட்டத்தில் சண்டையிட்டவர். எல்லாருக்கும் அவர் 'சேர்'. கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துபோகும். அன்றைக்கு அது மிகவும் தாழ்ந்திருந்தது.

"இந்த லிஸ்ட்ல உள்ள ஆரிட்டயாவது நீங்க அடி வாங்கியிரிக்கிறீங்களா?"

லொறிக்காரன் வாயில் வழிந்த இரத்தத்தைத் துடைத்தான்.

"அப்ப வாய மூடுங்க. இந்தக் கொட்டகைக்குள்ள ஆர்ர அடி பெரிசு எண்டாவது தெரியுமா?"

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சேர் மூலையைக் காட்டினார். அங்கே மரப்பெட்டியில் உட்கார்ந்து கையில் துணிப்பட்டி சுற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டாள். மூன்று வாரங்களுக்கு முன்தான் வந்து சேர்ந்தவள். சித்தாண்டியில் வயல் செய்கிற குடும்பம். பஸ்ஸில் வந்து போவாள். எங்களுக்கு அவள் சித்தாண்டிக்காரி. கொட்டகையில் இருந்த பெண்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே.

"பொம்புளப் புள்ளையளையும் சேத்தா லிஸ்ட் போடுற, சேர்?" என்று எழுதுவினைஞன் சிரித்தான்.

சேர் றிங்கின் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். என்னைப் பார்த்து, "ஏறு" என்றார்.

எனக்கு அப்போது குத்துச்சண்டையில் இரண்டு வருடப் பழக்கம் இருந்தது. கால்கள் வேகமானவை. அடி வாங்காமல் அடிப்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. முதல் ஒரு நிமிடம் அவளைச் சுற்றிச்சுற்றி வந்து இடது கையால் முகத்தில் தட்டினேன். அவள் கண் இமைக்கவில்லை, பின்னுக்குப் போகவும் இல்லை. சேற்றுக்குள் நடக்கிறவளைப்போல ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து என்னை மூலைக்குத் தள்ளிக்கொண்டே வந்தாள். கயிறு முதுகில் பட்டது. அவளுடைய வலது கை எங்கிருந்து கிளம்பியது என்று நான் பார்க்கவேயில்லை. என் இடப்பக்க விலாவுக்குள் ஏதோ முறிந்த சத்தம் மட்டும் கேட்டது. வெளியிலிருந்து கேட்ட சத்தமல்ல, உள்ளிருந்து காதுக்கு வந்த சத்தம்.

விழும்போது மூச்சு இல்லை. வாயைத் திறக்கிறேன், காற்று வரவில்லை. தரையில் கிடந்து வௌவால்கள் தொங்கும் தகரக் கூரையைப் பார்த்தபடி, செத்துப்போவது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அவள் கையுறையோடு என் பக்கத்தில் மண்டியிட்டு, "ஐயோ, என்ன கா, எழும்பு கா" என்று கெஞ்சினாள்.

விலா எலும்பில் வெடிப்பு. ஒரு மாதம் படுக்கையில் புரளவும் முடியவில்லை. தும்மல் வந்தால் அழுவேன். அவள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒருமுறை கீரை, ஒருமுறை தயிர்ச்சட்டி. வந்து உட்கார்ந்து என் விலாவைக் குற்றவாளியைப்போலப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாங்கள் சிநேகிதிகளானது அப்படித்தான்.

எனக்கு அடி விழுந்த பிறகு ஆண்கள் ஒவ்வொருவராக அவளோடு ஏறிப் பார்த்தார்கள். பல்லைத் திரும்பப் பொருத்தியிருந்த லொறிக்காரன்தான் முதலில் ஏறினான். வயிற்றில் ஒன்று வாங்கிவிட்டு இறங்கி, வெளியே போய் வாவிக்குள் வாந்தி எடுத்தான். எழுதுவினைஞன் மூக்கில் வாங்கினான். இரண்டு கண்களைச் சுற்றியும் கறுத்துப்போய் ஒரு வாரம் கறுப்புக் கண்ணாடியோடு அலுவலகம் போனான். யாரோ பட்டியலின் அடியில், பத்தாவது ஆளை அழித்துவிட்டு, 'சித்தாண்டிக்காரி' என்று எழுதிவைத்தார்கள். அவள் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் கேட்டார்கள். நெல் மூட்டை தூக்கினவள், மண்வெட்டி பிடித்தவள் என்று காரணம் சொன்னார்கள். எங்கள் பகுதியில் மூட்டை தூக்காத வயல்காரப் பெண் யார்? சேர் சொன்ன விளக்கம்தான் எனக்குச் சரியாகப் பட்டது. எல்லாரும் அடிக்கும்போது கடைசி நேரத்தில் தங்களை அறியாமல் ஒரு துளி பின்வாங்குவார்கள், இவள் பின்வாங்குவதில்லை. குதிகாலில் தொடங்குவது முழுதாகக் கை முட்டிவரை போய்ச் சேர்கிறது. நடுவில் அதைத் தடுக்கிற எதுவும் அவளிடம் இல்லை.

நான் போனில் பார்த்த பெரிய வீரர்களைப் பற்றியும் பின்னாளில் அப்படித்தான் நினைத்திருக்கிறேன். எண்ணிக்கையையும் உடம்பின் எடையையும் வைத்து வரிசை போடலாம். இயந்திரத்தைக் குத்தச் சொல்லி அளந்தும் பார்க்கலாம். ஆனால் வாங்கினவன் எழும்பி வந்த பிறகு எப்படி நடந்தான், எப்படிப் பேசினான் என்பதைத்தான் நான் பார்ப்பேன். லொறிக்காரன் அன்று சொன்னதும் அதுதான். அது எவ்வளவு கொடூரமான அளவுகோல் என்று எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது.

அடுத்த வருடம் தேசிய மட்டப் போட்டிக்கு எங்கள் இருவரையும் சேர் கொழும்புக்குக் கூட்டிப்போனார். நான் முதல் போட்டியிலேயே தோற்றேன். மூக்கு உடைந்து சட்டை முழுக்க இரத்தம். சித்தாண்டிக்காரி இரண்டு போட்டிகளில் வென்றாள். இரண்டும் முதல் சுற்றிலேயே முடிந்தன. அவளுடைய அரையிறுதியைப் பார்த்தவர்கள் இறுதிப் போட்டிக்கு வேலைக்குப் போகாமல் வந்திருந்தார்கள்.

எதிரே நின்றவள் தெற்குப் பக்கத்து ஊரொன்றைச் சேர்ந்த சிங்களப் பெண். எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவள். பல வருடங்களாக அந்த எடைப் பிரிவில் தோற்காதவள். மணி அடித்ததும் அவளுடைய திறமை தெரிந்துவிட்டது. இடது கையை ஊசி மாதிரிக் குத்திக் குத்தி எடுத்தாள். சித்தாண்டிக்காரியின் வலது கை காற்றைத்தான் அடித்தது. முதல் சுற்று முடிந்து வந்தபோது கீழுதடு பிளந்திருந்தது. இரண்டாம் சுற்றில் இடது கண் மூடத் தொடங்கியது. அவளுடைய மூச்சில் இரத்தம் கொப்பளிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

மூலையில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றது நான். சேர் அவளுடைய கண்ணில் பனிக்கட்டி வைத்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து காதுக்குள் சொன்னேன்:

"அவ களைச்சிட்டா. வயித்துக்கு அடி. கை கீழ இறங்கும். மறுகா வலதால மேல அடி."

"ம்" என்றாள்.

மூன்றாம் சுற்றில் நான் சொன்னது அப்படியே நடந்தது. வயிற்றில் இரண்டு அடி விழுந்ததும் அந்தப் பெண்ணின் முழங்கைகள் தாழ்ந்தன. வலது கை கன்னத்தில் இறங்கியது. தலைக்கவசம் ஒரு பக்கமாகத் திரும்பிக் கண்ணை மறைத்தது. அவள் உட்கார்ந்தாள். நடுவர் எண்ணினார். எட்டில் எழுந்து நின்று, கவசத்தைச் சரிசெய்து, தலையாட்டினாள். கால்கள் சரியாக இல்லை. நான் அதைப் பார்த்தேன். ஒரு கால் மற்றக் காலைத் தேடிக்கொண்டிருந்தது. நடுவர் பார்க்கவில்லையோ, பார்த்தும் போதும் என்று நினைத்தாரோ தெரியாது. சண்டையைத் தொடரச் சொன்னார்.

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன்: "இப்ப! இப்பவே அடி!"

அவள் அடித்தாள். அந்த அடியை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலாக அது கேட்டது. அந்தப் பெண் விழும்போது கையை ஊன்றவில்லை. நினைவு முதலில் போய், உடம்பு பிறகு விழுந்தது. பின்மண்டை பலகையில் மோதியது. துணிக்குக் கீழே மெத்தை மெல்லியது. கால் ஒன்று இழுத்து இழுத்து அடித்துக்கொண்டது. வாயிலிருந்து பற்காப்பு பாதி வெளியே வந்து நின்றது.

நான் கையைத் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. வைத்தியர் ஓடி ஏறி அவளுடைய கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, திரும்பித் தூக்குப்படுக்கைக்குக் கைகாட்டும் வரை நான் குதித்துக்கொண்டிருந்தேன்.

பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள். அவள் அதைக் கழற்றிச் சேரின் கையில் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டாள்.

மறுநாள் முற்பகல் நாங்கள் இருவரும் அங்கே போனோம். சேர் வேண்டாம் என்றுதான் சொன்னார். மண்டைக்குள் இரத்தம் உறைந்து, காலையில்தான் அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே நீண்ட மர வாங்கில், மடியில் சுடுதண்ணீர்ப் போத்தலோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். எனக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும். நாங்கள் யார் என்று சொன்னேன்.

அவர் எங்கள் இருவரின் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். என் மூக்கு வீங்கியிருந்தது. அவளுக்குக் கண் மூடியிருந்தது.

"அடித்தது யார்?" என்று கேட்டார்.

நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. சித்தாண்டிக்காரி தன் நெஞ்சில் விரல் வைத்தாள்.

போத்தல் தரையில் விழுந்து உருண்டது. அந்த அம்மா எழுந்து வந்து அவளுடைய கன்னத்தில் அறைந்தார். இன்னும் ஒன்று, மூடியிருந்த கண்ணின் மேலேயே. பிறகு கைகளை மடக்கி நெஞ்சிலும் தோளிலும் குத்தத் தொடங்கினார். வயதான கைகள், காப்பு மோதிச் சதை கிழிந்தது. உதட்டுத் தையல் பிரிந்து இரத்தம் நாடியில் வழிந்தது. அவள் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தொங்கவிட்டு நின்றாள். நான் குறுக்கே போனேன்.

"விடு கா. அவ அடிக்கட்டும்."

தாதி ஒருவர் ஓடி வந்து பிடிக்கும் வரை அடி நிற்கவில்லை. அந்த அம்மா மூச்சிரைக்க வாங்கில் போய் உட்கார்ந்தார். நான் போத்தலை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன். அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார்: "என் மகளும் எத்தனையோ பிள்ளைகளை அடித்து விழுத்தியிருக்கிறாள். நான் கைதட்டியிருக்கிறேன்." பிறகு, "போங்கள், இங்கே நிற்காதீர்கள்" என்றார்.

மகள் நான்காம் நாள் கண் திறந்தாள். நாங்கள் அதுவரை கொழும்பில்தான் இருந்தோம். சேரின் சொந்தக்காரர் வீட்டில் சித்தாண்டிக்காரி சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் கொட்டகைக்காரர்கள் மாலையோடு நின்றார்கள். சீனவெடி கொளுத்தினார்கள். அந்த அடிக்கு ஊரில் சிலர் வேறு அர்த்தமும் கொடுத்தார்கள், யாரை யார் அடித்தது என்ற அர்த்தம். லொறிக்காரன் அவளைத் தோளில் தூக்கப் போனான். கொட்டகைச் சுவரில் பட்டியல் முழுவதும் அழிக்கப்பட்டு, முதலாவது இடத்தில் அவளுடைய ஊர்ப்பெயர் பெரிதாக எழுதியிருந்தது. அவள் தண்ணீர் ஊற்றி அதைத் தேய்த்தாள். கரி போகவில்லை. தேங்காய்த் தும்பால் சுண்ணாம்பு உரியும் வரை தேய்த்தாள். அதற்குப் பிறகு அந்தச் சுவரில் யாரும் எழுதவில்லை.

இனிச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமானது.

அவள் பயிற்சிக்குத் தொடர்ந்து வந்தாள். ஓடினாள், கயிறு தாண்டினாள், மூட்டையைக் குத்தினாள். ஆனால் மனிதர் முன்னால் நின்றால் அந்த வலது கை பாதி வழியில் நின்றுவிடும். தொடுவாள், அவ்வளவுதான். முன்பு அவளிடம் இல்லாத அந்தத் தடை இப்போது தோளில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு மாதம், இரண்டு மாதம். சேர் பொறுமையாக இருந்தார்.

ஒரு பின்னேரம் நானும் அவளும் றிங்கில் இருந்தோம். நான் அடித்தேன், அவள் வாங்கிக்கொண்டாள். திருப்பி அடிக்கவில்லை. "அடி" என்றேன். அடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக அடித்தேன். ஆஸ்பத்திரியில் நின்ற மாதிரியே கைகள் இறங்கின. அது எனக்குள் எதையோ கிளப்பிவிட்டது. அவள் இப்படி நின்று எல்லாப் பழியையும் தானே சுமக்கிறாள் என்று நினைத்தேன். காதுக்குள் சொன்னது நான். கயிற்றைப் பிடித்துக் கத்தியது நான். அதை அவள் ஒருநாளும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அடி கா! அடிக்கத் தெரியாதா உனக்கு?"

இடது, வலது, இடது. அவளுடைய தலை பின்னுக்குப் போய்ப் போய் வந்தது. கண்ணீரோ வியர்வையோ என் முகத்தில் தெறித்தது. என் கைகளுக்கு அது பிடித்திருந்தது, அந்த உண்மையைச் சொல்லாமல் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. ஒரு வருடமாக என்னை விழுத்தியவளை நான் விரும்பியபடியெல்லாம் அடிக்க முடிந்தது. ஒவ்வொரு அடியும் போய்ச் சேர்கிற சுகம் தோள்வரை ஏறியது. சேர் "நிப்பாட்டு" என்றது கேட்டது. நிறுத்தவில்லை. அவளைக் கயிற்றில் சாய்த்து வைத்து, முகத்தை மட்டும் பார்த்து அடித்தேன். புருவம் பிளந்தது. இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. மேலும் இரண்டு அடித்தேன். லொறிக்காரன்தான் ஏறி, பின்னாலிருந்து என்னை இடுப்போடு கட்டித் தூக்கி எறிந்தான். நான் தரையில் கிடந்து காலால் உதைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் கயிற்றில் சாய்ந்தபடியே நின்றாள். பிறகு பற்காப்பைத் துப்பிவிட்டு, "முடிஞ்சுதா?" என்று கேட்டாள். கோபம் இல்லாத கேள்வி. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

புருவத்தில் ஏழு தையல். அவள் அதற்குப் பிறகு கொட்டகைக்கு வரவில்லை. நானும் போகவில்லை. பல் வைத்தியரிடம் வேலையில் இருக்கும்போது, நோயாளி வாயைத் திறந்தால் கருவியை நீட்ட மறந்து அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். வைத்தியரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டார். மலேரியாவாக இருக்கலாம் என்று ஏதோ உளறினேன்.

அறுவடைக் காலத்தில் ஒருநாள் சித்தாண்டிக்குப் பஸ் ஏறினேன். அவளுடைய வீட்டில், வயல் வட்டையில் நிற்கிறாள் என்றார்கள். வரம்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். வெட்டு இயந்திரம் ஒரு பக்கம் இரைந்துகொண்டிருந்தது. அவள் அது கொட்டிய நெல்லைச் சாக்கில் அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தாள். புருவத்தில் தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"வா கா" என்றாள், நேற்றுப் பார்த்தவளைப்போல. "சாக்கப் புடி."

நான் சாக்கின் வாயைப் பிடித்தேன். அவள் நெல்லை அள்ளிப் போட்டாள். இரண்டு சாக்கு நிறைந்தது.

"நான் செஞ்சது பிழை" என்றேன்.

"ஓம்" என்றாள்.

இல்லை, பரவாயில்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்து வந்திருந்தேன் போலிருக்கிறது. அந்த 'ஓம்' எனக்கு விலாவில் விழுந்தது.

"நொந்துதா?"

"முதல் நாலஞ்சு நொந்த. மறுகா ஒண்டும் தெரியல்ல." சாக்கைக் கட்டி இறுக்கினாள். "நீ நிப்பாட்டுவாய் நிப்பாட்டுவாய் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். அதுதான் கா பயமா இரிந்த. அந்த மனுசியும் அப்படித்தான் பாத்திரிப்பா என்ன, றிங்குல விழுந்து எழும்பி நிக்கக்குள்ள?"

"நான்தானே கத்தினன். இப்பவே அடி எண்டு."

"கேட்டிச்சு." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நீ கத்தாட்டியும் நான் அடிச்சிருப்பன். நீ அத உண்ட தலையில போட்டுக்கொள்ளாத. அது எண்ட அடி."

பிறகு அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். பக்கத்து வீட்டில் சிங்களம் தெரிந்த ஓர் அக்காவை வைத்து மாதத்துக்கு ஒருமுறை போனில் பேசுகிறாளாம். இடது கை இன்னும் சரியில்லை. பேசும்போது சொற்கள் வழுக்குகின்றன. முதல் இரண்டு தடவை தாய் போனைத் துண்டித்துவிட்டாராம். மூன்றாம் தடவை மகளே பிடுங்கிப் பேசியிருக்கிறாள்.

"அவ என்ன சொன்ன?"

"நான் ஏன் விளையாடுறல்ல எண்டு ஏசினா. எனக்கு இப்படிச் செஞ்சிட்டு நீ சும்மா வீட்ட இருந்தா எனக்கு என்ன மரியாத எண்டு கேட்டா." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நான் என்னத்தச் சொல்ற? எனக்கு ஏலா எண்டன். ஏசிப்போட்டு வெச்சிட்டா. ஆனா அடுத்த மாசமும் போன எடுத்தா."

அன்று பொழுது சாயும்வரை சாக்குப் பிடித்தேன். கை தோலுரிந்தது. அவள் ஒரு முழுச் சாக்கைத் தனியாக முதுகில் ஏற்றிக்கொண்டு உழவு இயந்திரப் பெட்டிக்கு நடந்தாள். ஏற்றிய நேரத்தில் இடுப்பைத் திருப்பிய திருப்பல் எனக்குத் தெரிந்த திருப்பல்தான். யாரும் அந்தப் பலத்தை அவளிடமிருந்து எடுத்துவிடவில்லை. அவள்தான் அதை மனிதர்மேல் வைக்காமல் இருந்தாள். இப்போது அவளுக்குத் திருமணமாகி இரண்டு பிள்ளைகள். போட்டிக்கு அவள் திரும்பவில்லை.

நான் திரும்பினேன், வேறு விதமாக. சேர்தான் யோசனை சொன்னார். நடுவர் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். பல் வைத்தியரிடம் வேலை அப்படியே இருக்கிறது. வார இறுதிகளில் வெள்ளைச் சட்டையும் நீலக் கையுறையும் போட்டுக்கொண்டு மாகாணப் போட்டிகளில் நிற்கிறேன். நல்ல பெயர் எனக்கு இல்லை. சீக்கிரம் நிறுத்திவிடுகிறேன் என்று புகார். பயிற்சியாளர்கள் என் பெயர் அட்டவணையில் இருந்தால் முணுமுணுக்கிறார்கள்.

போன மாதம் நடந்த போட்டியில், ஒரு பிள்ளை இரண்டாம் சுற்றில் கன்னத்தில் ஒன்று வாங்கிவிட்டு எழுந்து நின்றாள். எட்டுவரை எண்ணினேன். கைகளைத் தூக்கிக் காட்டினாள். நான் அவளுடைய கால்களைத்தான் பார்த்தேன். இரண்டு கைகளையும் குறுக்கே வீசிச் சண்டையை நிறுத்தினேன். அரங்கம் கூவியது. அவளுடைய தகப்பன் றிங்கின் ஓரத்துக்கு ஓடி வந்து, "அவ நல்லா நிக்கிறா! கண் தெரியல்லயா உனக்கு?" என்று கெட்ட வார்த்தையால் ஏசினார். பிள்ளை அழுதுகொண்டே கையுறையால் என் நெஞ்சில் குத்தினாள். பலமான குத்துத்தான். நான் ஓரடி பின்னுக்குப் போனேன்.

பிறகு அவளுடைய தலையை இரண்டு கைகளாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, வைத்தியர் ஏறி வரும்வரை கண்மணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.